திருச்சியில் ஓடிய பதின்மூன்று மைல்

சுடலைமுத்து ஓடப் பழகியது போட்டிக்காக அல்ல. நெளுக்குளத்திலிருந்து வவுனியா நகரத்து அரிசி ஆலைக்கு நாலு மைல். அவனிடம் சைக்கிள் இல்லை. பஸ்ஸை நம்பிக் காத்து நின்றால் ஆலைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் சாரத்தை மடித்துக் கட்டி, சோற்றுப் பார்சலை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தினமும் வெறுங்காலோடு ஓடினான்.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில், மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு நெருப்பு வைத்தபோது உடுத்த துணியோடு இறங்கி வந்த குடும்பம் அவனுடையது. அப்பா ஆண்டியப்பன் நெளுக்குளத்துக்கு அப்பால் காடு வெட்டி அரை ஏக்கர் துப்புரவாக்கி, அதில் ஒரு குடிசையும் கிணறும் வந்த பிறகு, காய்ச்சலில் செத்துப்போனார். மகனுக்கும் மனைவி மீனம்மாவுக்கும் அவர் விட்டுப்போனவை அந்தக் காணியும், தான் இலங்கைப் பிரஜை என்று சொல்லும் ஒரு பத்திரமும்தான். அந்தப் பத்திரத்துக்காக அவர் பதினொரு வருடம் அரசாங்கக் கந்தோர்களுக்கு நடந்திருந்தார்.

யோகநாதன் அவனைக் கண்டது ஆலைக்குப் போகும் அந்த றோட்டில்தான். யோகநாதன் ஏரம்புவின் இளைய மகன். ஏரம்பு யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, குளத்து நீர் பாயும் நல்ல வயலாக ஆறு ஏக்கர் செய்கிறவர். ஒருநாள் காலை யோகநாதன் சைக்கிளில் போகும்போது, முன்னால் ஓடிக்கொண்டிருந்தவனை எட்டிப்பிடிக்க முடியாமல் இரண்டு மைல் மூச்சிரைக்க மிதித்தான்.

“டேய், நில்லடா! உன்ர பேர் என்ன? நீ எந்தக் கழகத்துக்கு ஓடுறனி?”

“கழகமா? நான் வேலைக்குப் போறன்.”

யோகநாதன் சைக்கிளில் இருந்தபடியே சிரித்தான். அடுத்த கிழமையே அவனை விளையாட்டுக் கழகத்தில் சேர்த்துவிட்டான். பின்னேரங்களில் சைக்கிளில் பின்னால் வந்து, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மைல்கல்லிலும் நேரம் கூவினான். தண்ணீர்ப் போத்தலும் அவன்தான் கொண்டுவருவான். வருடப்பிறப்பு மரதன் ஓட்டத்தில் சுடலைமுத்து முதலாவதாக வந்தபோது, ஆறாவதாக ஓடிவந்த யோகநாதன் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான். தோட்டத்துப் பெடியன் ஒருவனை அந்தக் கழகத்தில் யாரும் அதற்கு முன் தோளில் தூக்கியதில்லை.

மூன்றாவது ஆள் ராஜரத்தினம். சுடலைமுத்து பிறந்த அதே தோட்டத்தில், இரண்டு லயம் தள்ளிப் பிறந்தவன். அவனுடைய குடும்பம் ஏரம்புவின் வயல் ஓரத்தில் குடிசை போட்டு, அவருடைய வயலிலேயே வேலை செய்தது. அவன் பெரிதாக ஓடமாட்டான். நண்பர்கள் ஓடுகிறார்களே என்று ஓடினான்.

எண்பத்திரண்டாம் ஆண்டு புரட்டாதியில் யோகநாதன் ஒரு கடிதத்தோடு வந்தான். திருச்சியில் ஒரு ஓட்டக் கழகம் தைப்பொங்கல் கழிந்து நடத்தும் அரை மரதன் போட்டி. இலங்கையிலிருந்தும் ஆட்கள் வரலாம் என்று எழுதியிருந்தது.

“பதின்மூன்று மைல். உனக்கு அது காலமைச் சாப்பாடு மாதிரி. மூண்டு பேரும் போவம். செலவை அப்பு பாப்பார். முதல்ல உனக்கு பாஸ்போட் எடுக்கவேணும்” என்றான்.

சுடலைமுத்து அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை. முழுத் தூரமும் ஓடினான். மீனம்மாதான் முகம் கறுத்தாள்.

“அக்கரைக்குப் போயிட்டு எவன்டா திரும்பி வந்திருக்கான்? நம்ம சனத்த ஏத்தி அனுப்புன கப்பலு ஒண்ணாச்சும் திருப்பிக் கொண்டாந்து விட்டிருக்கா?”

“அது வேறம்மா. அவுங்க இந்தியா பாஸ்போட்டுல போனவுங்க. நான் சிலோன் பாஸ்போட்டுல போறேன். ஓடிட்டு வந்துருவேன்.”

கடவுச்சீட்டுக்காக யோகநாதன் அவனைக் கொழும்புக்கு இரண்டு முறை கூட்டிப்போனான். அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் யோகநாதன் அவரோடு கதைத்து, சிரித்து, மறுபடி மனு எழுதிக் கொடுத்தான். மார்கழியில் அவனுக்கும் ராஜரத்தினத்துக்கும் புத்தகம் கைக்கு வந்தது. தன்னுடைய முகம் ஒட்டி, தன்னுடைய பெயர் எழுதி, அரசாங்க முத்திரை குத்திய ஒன்றைச் சுடலைமுத்து அதுவரை கையில் வைத்துப் பார்த்ததில்லை. ரயிலில் வரும்போது வவுனியா வரைக்கும் அதை மூடவேயில்லை.

தை மாதம் மூவரும் மதவாச்சியில் ரயில் மாறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். கடல் மூன்று மணித்தியாலமும் அமைதியாக இருந்தது. ராஜரத்தினம் அப்படியிருந்தும் வாந்தி எடுத்தான். யோகநாதன் அவனுக்குத் தேசிக்காய் கொடுத்து, முதுகைத் தடவி, பகிடி சொல்லிக்கொண்டு வந்தான். ராமேஸ்வரத்திலிருந்து திருச்சிக்கு மறுபடி ரயில். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லொட்ஜில் ஒரே அறையில் தங்கினார்கள். அந்த இரண்டு நாளும் சுடலைமுத்து தன் வாழ்நாளில் சிரித்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்தான். இடையில் ஒரு பின்னேரம் யோகநாதன் யாரையோ பார்க்கவேண்டும் என்று தனியாகப் போய் இருட்டுமுன் வந்தான். அதற்குப் பிறகு ராஜரத்தினம் கதையைக் குறைத்துக்கொண்டதைச் சுடலைமுத்து கவனித்தான். கடல் ஒத்துக்கொள்ளாததன் மிச்சம் என்று நினைத்தான்.

போட்டிக் காலை. ஆறு மணிக்கு ஒரு கல்லூரி மைதானத்தில் இருநூறு பேர் அளவில் நின்றார்கள். யோகநாதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான்.

“இரவு சுளுக்கிப்போட்டுது. என்னால ஏலாது முத்து. நீங்கள் ரெண்டு பேரும் ஓடுங்கோ. நான் முடிவிடத்தில உடுப்போட நிக்கிறன்.” பிறகு கையை நீட்டினான். “பாஸ்போட்டைத் தா. லொட்ஜில விட்டிட்டு வாறது புத்தியில்லை. என்னட்டை இருக்கட்டும்.”

சுடலைமுத்து அரைக்காற்சட்டையின் உட்பையில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தான்.

துவக்குச் சத்தம் கேட்டதும் கூட்டம் காவிரிக்கரை றோட்டில் பாய்ந்தது. முதல் நாலு மைல் அவன் நடுவில் அடங்கி ஓடினான். யோகநாதன் சொல்லிக்கொடுத்த முறை அது. வாழைத் தோட்டங்களுக்கு மேல் பனி கிடந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். அவனுடைய பனியனில் வவுனியா என்று எழுதியிருந்ததை எவனோ ஒருவன் வாசித்துவிட்டு, “சிலோன்காரன்! சிலோன்காரன்!” என்று கத்தினான். அடுத்த தேநீர்க் கடையிலும் அதே கூச்சல் எழுந்தது. ஏழாம் மைலில் யோகநாதன் வாங்கித் தந்த கன்வஸ் சப்பாத்து குதிக்காலைத் தோலுரித்துவிட்டது. ஒரு மதகடியில் நின்று இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். அதற்குப் பிறகுதான் ஓட்டம் அவனுக்கு ஓட்டமாக வந்தது. ஒருவர் ஒருவராகப் பிந்தினார்கள். கடைசி மைலில் முன்னால் மூன்று பேர்தான். அதில் இரண்டு பேர் பட்டாளத்துக்காரர்கள்.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: “நான்காவது இடம், இலங்கை, வவுனியா, ஆ. சுடலைமுத்து.”

அவன் குனிந்து முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கியபடியே யோகநாதனைத் தேடினான். அணைத்துக்கொள்ள அவன் ஓடிவருவான் என்று எதிர்பார்த்தான். கூட்டத்தைச் சுற்றி வந்தான். தண்ணீர் கொடுக்கும் மேசை, உடுப்பு வைத்த பந்தல், வாசல், எங்கும் இல்லை. பரிசளிப்பு முடிந்தது. ஒரு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஈரப் பனியனோடு வெயிலில் உட்கார்ந்திருந்தான். ராஜரத்தினம் கடைசி ஆட்களில் ஒருவனாக நடந்து வந்து சேர்ந்தான்.

“யோகனக் காணல. எங்க போயிட்டான்?” என்று சுடலைமுத்து கேட்டான்.

“ரூமுக்குப் போயிருப்பான்.” ராஜரத்தினம் நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

லொட்ஜ் அறையில் யோகநாதனின் பை இல்லை. சுடலைமுத்து கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான். மெத்தையைத் தூக்கினான். தன்னுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டினான். ராஜரத்தினம் கதவடியிலேயே நின்றான்.

“தேடாத முத்து. அவன் மெட்ராசுக்குப் போயிட்டான். ஒம் பாஸ்போட்டும் போயிருச்சு.”

“என்னடா சொல்ற?”

“ஐயாத்துரை அண்ணனுக்கு. அண்ணன் அங்கதான் இருக்காரு.”

ஐயாத்துரை யோகநாதனின் மூத்த சகோதரன். முந்தின ஆவணியில் பொலிஸ் அவனைத் தேடி வீட்டுக்கு வந்தபோது பின்பக்கத்தால் பாய்ந்து, மன்னார்ப் பக்கமாக வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவன். மனைவி பத்மாசனியும் கைக்குழந்தையும் ஏரம்புவின் வீட்டில் இருந்தார்கள். ஐயாத்துரைக்குக் கடவுச்சீட்டு இல்லை. ஜெர்மனிக்குப் போக ஒன்று வேண்டும். படத்தைக் கழற்றி வேறு படம் ஒட்டித் தருகிற ஆள் மெட்ராசில் இருந்தான். தலை மாத்துவது என்று அதற்குப் பெயர்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“முந்தாநாத்து. அவன் வெளிய போயிட்டு வந்தானே, அப்பச் சொன்னான்.”

“முந்தாநாத்தே தெரிஞ்சும் என்னய ஓட விட்டியாடா?”

ராஜரத்தினம் அழுதான். “எங்க குடிச நிக்கிறது அவுங்க காணியில. வாயத் தொறந்தா எங்கம்மா, தங்கச்சி எல்லாரையும் வெளிய போட்டுருவேன்னான். நான் என்னா பண்ணுவேன்?”

சுடலைமுத்து அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டான். குதிக்கால் எரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து, உரிந்த தோலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாளில் யோகநாதன் திரும்பும் கப்பலுக்கு வருவான் என்று ராஜரத்தினம் சொன்னதால் இருவரும் ராமேஸ்வரம் துறைக்குப் போனார்கள். வரிசையில் யோகநாதன் நின்றான். நொண்டல் இல்லை. சுடலைமுத்துவைக் கண்டதும் கயிற்றுத் தடுப்புக்குப் பக்கத்தில் வந்தான்.

“கத்தாதை. மெல்லக் கதை.”

“என்ர பாஸ்போட் எங்க?”

“அண்ணையிட்டக் குடுத்திட்டன். அவன் ஊருக்கு வந்தால் அடிச்சே கொல்லுவாங்கள். உனக்குத் தெரியும்தானே.”

“கேட்டிருக்கலாமே யோகன்.”

“கேட்டால் தந்திருப்பியோ?”

“யோசிச்சிருப்பன்.” சுடலைமுத்து தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான். “ஏன் உன்ரயைக் குடுக்கேல்லை? உன்ர அண்ணன்தானே?”

“நான் திரும்பிப் போகவேணும். அப்பு தனிய. வயல் கிடக்கு.”

“எனக்கு அம்மா இல்லையா? அவ தனிய இல்லையா?”

யோகநாதன் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தான். அது நகரத் தொடங்கியிருந்தது.

“முத்து, கோவிக்காமல் கேள். உனக்கு இஞ்ச என்ன குறை? இது உங்கட நாடுதானே. உங்கட ஆக்கள் எல்லாரும் இஞ்சதானே வந்து இருக்கினம். நீ நிண்டால் ஒருத்தரும் உன்னை ஏனெண்டு கேக்கமாட்டினம். அம்மாவையும் பிறகு கூப்பிடலாம்.”

லயத்துக்கு நெருப்பு வைத்தவர்கள் அதைச் சொல்லித்தான் வைத்தார்கள். கந்தோர்களில் அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வருடம் சைக்கிளில் பின்னால் வந்து நேரம் சொன்னவன் வாயால் அது வரும் என்று சுடலைமுத்து நினைத்ததில்லை. ராஜரத்தினம் தன் கடவுச்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தடுப்பைத் தாண்டிப் போனான். இருவரும் கப்பலில் ஏறினார்கள். கப்பல் போவதைச் சுடலைமுத்து கடைசிவரை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை; பாதியிலேயே திரும்பி நடந்தான்.

ஐந்து மாதம் அவன் அங்கே கிடந்தான். ராமேஸ்வரத்தில் கருவாட்டு மூட்டை தூக்கினான். மண்டபம் முகாமில் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள், ஏதாவது வேலையும் வீடும் தருவார்களா என்று காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் அவனுடைய அப்பாவோடு தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை செய்தவர். “வந்தது வந்த, இங்கயே இருந்துரு. கேட்டா தாயகம் திரும்புனவன்னு சொல்லு” என்றார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதுவே அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சென்னையிலுள்ள இலங்கைத் தூதரகக் கந்தோருக்கு மூன்று முறை போய்க் கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தான். திருட்டு என்று எழுதவில்லை. எழுதினால் யோகநாதனின் வீட்டுக்குப் பொலிஸ் போகும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் பேசும் தமிழ் தோட்டத் தமிழும் வன்னித் தமிழுமாகக் கலந்திருந்ததால், நீ உண்மையில் எந்த ஊர் என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். ஊரில் மீனம்மா அப்பாவின் பத்திரத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கிராம சேவகரிடமும் மாவட்டக் கந்தோரான கச்சேரியிலும் ஏறி இறங்கினாள். பிரதிகள் வந்து சேர்ந்து, ஊர் திரும்ப ஒருதரம் மட்டும் செல்லுபடியாகும் ஒரு பயணத் தாள் அவனுக்குக் கிடைத்தபோது வைகாசி முடிந்துவிட்டது.

மூட்டை தூக்கிய அந்த மாதங்களில் அவன் ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டான். ஐயாத்துரை போனது ஆவணியில். கடிதம் வந்தது புரட்டாதியில். அப்படியென்றால் அதற்கு முந்தின ஓட்டங்கள், தண்ணீர்ப் போத்தல், தோளில் தூக்கியது எல்லாம் உண்மையாக இருக்கவேண்டும். அதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பான். அடுத்த நாள் அதுவும் சந்தேகமாகிவிடும்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ஏரம்பு அவனைத் தேடிக் குடிசைக்கே வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மீனம்மா பாயை விரித்தாள். அவர் உட்காராமல் சுடலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, என்ர மூத்தவன்ர உயிரைக் காப்பாத்திப்போட்டாய். அவன் போய்ச் சேந்திட்டான். இந்த உதவியை நாங்கள் மறக்கமாட்டம்.”

“நான் குடுக்கலீங்க ஐயா. எடுத்துக்கிட்டாங்க.”

அவர் கேளாதவர்போலத் தலையாட்டி, மீண்டும் ஒருமுறை கையை அழுத்திவிட்டுப் போனார். ஊருக்குள் அந்தக் கதை அப்படியே நின்றுவிட்டது. சுடலைமுத்து மனமுவந்து கொடுத்தானாம். கழகத்துப் பெடியன்கள் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். அவன் கழகத்துக்குப் போவதை நிறுத்தினான். சேர்த்துவைத்து ஒரு பழைய சைக்கிள் வாங்கி, ஆலைக்கு அதில் போனான். அந்த ஆடிக் கலவரத்தில் நாடே எரிந்தது. அதற்குப் பிறகு ஒரு கடவுச்சீட்டின் கதையைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

மூன்று வருடம் போனது. ஆலையில் நெல் புடைக்கும் கமலேஸ்வரியைப் பேசி முடித்திருந்தார்கள். அவளும் எழுபத்தேழில் இறங்கி வந்த குடும்பம். ஐப்பசியில் கலியாணம் என்று இருந்தபோது, எண்பத்தாறு ஆவணியில் ஒரு காலை, யோகநாதன் பத்மாசனியைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று வருடத்தில் அவன் அந்த முற்றத்தில் கால் வைப்பது அதுதான் முதல்தரம்.

“இருங்கோ அக்கா” என்று சுடலைமுத்து பத்மாசனிக்கு மட்டும் கதிரையைப் போட்டான்.

யோகநாதன் நின்றபடியே தொடங்கினான். “அண்ணைக்கு அங்கை இருக்க அனுமதி குடுத்திட்டாங்கள். இனி அண்ணியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். ஆனால் பாஸ்போட்டில பேர் உன்ரதானே. அண்ணை அங்கை சுடலைமுத்துதான்.”

“அதுக்கு?”

“அண்ணி சுடலைமுத்துவின்ர பெஞ்சாதி எண்டு கலியாணப் பதிவு காட்டவேணும். உன்ர பிறப்புச் சேட்டிபிக்கற் வேணும். ஒரு கையெழுத்தும் வேணும். வேற ஒண்டும் இல்லை.”

குசினி வாசலில் நின்ற மீனம்மா, “அப்ப எம்புள்ளைக்குப் பேசி வச்சிருக்கிற பொண்ணு?” என்று கேட்டாள்.

“நீங்கள் கோயில்ல தாலி கட்டுங்கோவன். பதிவு என்னத்துக்கு?”

பதிவு இல்லாமல் பிறக்கும் பிள்ளைக்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு நாடு இல்லை. அப்பா பதினொரு வருடம் நடந்தது அதற்காகத்தான். இது யோகநாதனுக்குத் தெரியாததல்ல. கொழும்புக் கந்தோரில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னவனே அவன்தான்.

“அக்கா, ஒண்டு கேக்கிறன். அந்தப் பாஸ்போட் எப்பிடி வந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

பத்மாசனி யோகநாதனை ஒருமுறை பார்த்தாள். “நீங்கள் இந்தியாவில நிக்கப் போறன் எண்டு குடுத்ததெண்டுதான் எனக்குச் சொன்னவை, தம்பி.”

“நான் ஓடிக்கொண்டிருக்கேக்க எடுத்தது. அஞ்சு மாசம் மூட்டை தூக்கினனான். அம்மா கச்சேரி வாசலில கிடந்தவ.”

பத்மாசனியின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது. எழுந்து மீனம்மாவுக்குக் கிட்டப் போய், “அம்மா, நான் அறியேல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனாள்.

யோகநாதன் போகவில்லை.

“அவா பிள்ளையோட தனிய இருக்கிறா. உன்ர கோவத்துக்கு அவாவைப் பழிவாங்காதை.”

“எப்ப யோசிச்சனி, யோகன்? அதை மட்டும் சொல்லு. கடிதம் வந்த பிறகோ, முதலோ?”

“கடிதத்தை நான்தானே எழுதி வரவழைச்சனான். அண்ணை போன அடுத்த கிழமை.” அவன் எரிச்சலோடு சொன்னான். “உன்னை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு வேற என்ன வழி இருந்தது? நீ அங்கை நாலாவதா வருவாய் எண்டு நான் கண்டனானோ?”

சுடலைமுத்து சிரித்துவிட்டான். அது தனக்கே பிடிக்காத சிரிப்பாக இருந்தது. “தரமாட்டன். போ” என்றான்.

இரண்டு கிழமை கழித்து, ஆலை விட்டு வரும் வழியில் ராஜரத்தினம் குறுக்கே நின்றான். மூன்று வருடமாக இருவரும் எதிரெதிரே வந்தாலும் கதைப்பதில்லை. சுடலைமுத்து சைக்கிளை விலக்கப் பார்த்தான். ராஜரத்தினம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு நிமிசம் கேளு. மலையில உள்ள கந்தோருல ஆளப் புடிச்சு ஒம் பொறப்புப் பத்திரத்தோட நகல் எடுத்துட்டாங்க. திங்கக்கெழம பதியப் போறாங்க. நீயாட்டம் நிக்கிறதுக்கு ஒருத்தன் ரெடி. என்னயச் சாச்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க.”

“போடப் போறியா?”

“மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

சுடலைமுத்து அவன் முகத்தைப் பார்த்தான். பொய் இல்லை. அடுத்த நாளே கமலேஸ்வரியின் தகப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். ஐப்பசிவரை காத்திருக்க முடியாது என்றான். கமலேஸ்வரி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தாள்.

“நாளைக்கே போவோம். சேல எல்லாம் பொறகு பாத்துக்கலாம்” என்றாள்.

அந்தப் பகுதி முழுவதற்கும் பதிவாளர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை காலை, மில்லுக்குப் போகும் சேலையோடேயே வந்த கமலேஸ்வரியும் அவனும் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஆண்டியப்பன் சுடலைமுத்துவுக்கு அன்று கலியாணம் பதிந்தாயிற்று. திங்கட்கிழமை அதே பெயரோடு இன்னொருவன் வந்தபோது பதிவாளர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாராம். அவர் மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் அவர்களைப் போகச் சொல்லிவிட்டார்.

பத்மாசனி ஜெர்மனிக்குப் போகவில்லை. அடுத்த வருடமும் அவளைச் சுடலைமுத்து வவுனியா பஸ் நிலையத்தில் மகனோடு கண்டான். தகப்பனை நினைவில்லாத ஐந்து வயதுப் பிள்ளை கடலைச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அதில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். தான் செய்தது சரி என்பதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைக் கண்ட நாட்களில் சாப்பாடு இறங்காது.

கலியாணம் பதிந்த அந்த மாதக் கடைசியில், ஒரு காலை, ராஜரத்தினம் ஒரு தள்ளுவண்டியோடு படலையில் வந்து நின்றான். வண்டியில் சட்டி பானையும் பாயும் பழைய தகரங்களும். பின்னால் அவனுடைய தாயும் தங்கச்சியும். ஏரம்பு காணியை விடச் சொல்லிவிட்டார். விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்தவேண்டும் என்று காரணம் சொன்னாராம்.

அவன் எதையும் கேட்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுடலைமுத்து கிணற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்த வெறும் மூலையைக் காட்டினான். மீனம்மா ராஜரத்தினத்தின் தாயைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கமலேஸ்வரி தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள்.

இருவரும் அலவாங்கால் குழி தோண்டினார்கள். இரண்டாவது குழியில் ராஜரத்தினம் நிமிர்ந்தான்.

“முத்து, அன்னைக்கு லொட்ஜுல நான்...”

“அந்தக் கத வேணாம்” என்றான் சுடலைமுத்து. “எனக்கு அது இன்னும் ஆறல. ஆறுமான்னும் தெரியல. எடம் குடுக்கிறது வேற, அது வேற. கம்பப் புடி.”

ராஜரத்தினம் கம்பைப் பிடித்தான். சுடலைமுத்து மண்ணைத் தள்ளி மிதித்தான். மத்தியானத்துக்குள் நாலு கம்பும் நின்றுவிட்டன. கூரைக்கு இரண்டு தகரம் குறைவாக இருந்தது.